அவரிடம் மிஞ்சிய ஒரு சொல்

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில், மிச்சம் தூத்துக்குடியில் எங்களோடு. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஊருக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். "அங்கன ஒரு கப்பல் ஆளுக்கும் ஆக்கிப் போட்டுட்டு வாரேன், இங்கனயும் கரண்டியப் பிடிக்கணுமா ஏளா?" என்பார். நான் வைக்கிற நெத்திலிக் குழம்பும் சுடுசோறும் அவருக்குப் போதும். சாப்பிட்டுவிட்டுப் பாயில் காலை நீட்டிப் படுத்து டிவி பார்ப்பார். அதிகம் பேச்சு கிடையாது. பேசாத மனுஷர் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கடைசியாகக் கிளம்பியபோது பெட்டியைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். திரும்பி வந்தபோது வாகைக்குளம் விமான நிலையத்தில் இரண்டு பேர் அவரைத் தூக்கி ஆம்புலன்சில் வைத்தார்கள். கப்பல் அடுப்படியில் வேலையாக இருந்தபோதே வாதம் வந்து விழுந்திருக்கிறார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கி, அங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் அனுப்பி வைத்திருந்தார்கள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். ஆள் யார் என்று தெரிந்தது. கண்ணில் அது தெரிந்தது. கூப்பிடத்தான் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். சின்ன வயசுதான். பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை அவர் முன்னால் அடுக்கி வைப்பாள். பசு, குடை, தண்ணீர்ச் செம்பு. அவருக்கு எது எதுவென்று தெரிந்தது. தண்ணீர் எது என்றால் இடது கையால் செம்பைத் தொடுவார். ஆனால் வாயைத் திறந்தால் வருவது இரண்டே சொல். ஒன்று, "இல்ல." இன்னொன்று, "பீச்."

"என்னக்கா, பீச்சுக்கு ரொம்பப் போவாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கப்பல்காரர் கடலைக் கேட்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்? எங்கள் ஊரில் பீச் ரோடு இருக்கிறது. பீச் என்றால் கடற்கரை. ஒரு சாயங்காலம் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை வரச்சொல்லி, நானும் என் மகளும் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனோம். மகள் அப்போது காலேஜில் கடைசி வருஷம். அப்பாவுக்குச் சட்டை மாட்டி, தலை வாரி, பவுடர் எல்லாம் போட்டுவிட்டிருந்தாள். சக்கர நாற்காலியை மணலில் தள்ள முடியவில்லை. சிமென்ட் பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினோம். தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தன.

"பாருங்க, பீச்சு" என்றேன்.

அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இல்ல" என்றார். "பீச். பீச்." குரல் ஏறிக்கொண்டே போனது. குனிந்து அவர் தோளைப் பிடித்தேன். இடது கையை வீசி என் கன்னத்தில் அடித்துவிட்டார். சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்தவர் இல்லை. வலித்ததைவிட, ஒரு கப்பல் சமையல்காரரின் இடது கையில் அவ்வளவு பலம் இன்னும் இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த பீச் இல்லை போலிருக்கிறது என்று இன்னொரு கடற்கரைக்குப் போனோம். பிறகு திருச்செந்தூருக்கும் கூட்டிப்போனோம். ஒருவேளை முருகனைத்தான் நினைக்கிறாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். கோயில் கடற்கரையில் கூட்டத்துக்கு நடுவே அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்து யாரோ ஒரு அம்மாள் அவர் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள். கண்ணுக்குள் விழுந்து கண் சிவந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அவரை எங்கும் கூட்டிப்போகவில்லை. அவர் பீச் என்பார், நாங்கள் சரி சரி என்போம். அப்படியே நாட்கள் ஓடின.

அவரோடு கப்பலில் இருந்த ஒருவர் லீவில் வந்தபோது எங்களைத் தேடி வந்தார். கீழவைப்பார்க்காரர். எஞ்சின் அறையில் வேலை. என் கணவரைவிடச் சின்னவர். கதவைத் திறந்ததுமே, "மதினி, அண்ணன் எங்க?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, விளங்காத அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் கணவர் அவரைப் பார்த்து, "பீச்" என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டார். "ஆமா அண்ணே, பீச்சு. இந்த ஞாயித்துக்கெழமையும் போடுவியளோ?"

என் கணவர் முகம் மாறிய விதத்தை நான் சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்ட வாய் இன்னும் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அது அழுகையா சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"நாங்களும் எத்தனையோ தடவ கூட்டிட்டுப் போயிட்டோம் தம்பி. போனா கத்துதாவ" என்றேன்.

"எங்க கூட்டிட்டுப் போனிய?"

"பீச்சுக்குத்தான்."

"ஐயோ மதினி" என்றார். "அது கடக்கரை இல்ல. பழம். பீச் பழம். டின்னுல வருமே, மஞ்சளா, பாகுல ஊறிக் கெடக்கும். அத வச்சி அண்ணன் ஒண்ணு செய்வாவ. பீச் காப்ளர்னு பேரு. எங்க கேப்டன் ஒருத்தன் வெள்ளக்காரன், அவன் கேட்டான்னு எப்பமோ செஞ்சு பழகுனது. பொறவு எல்லாருக்கும் பழக்கமாயிட்டு. ஞாயித்துக்கெழமன்னா அது இல்லாம ஒருத்தனும் மேசைய விட்டு எந்திரிக்க மாட்டான்."

அப்படி ஒரு பண்டத்தின் பெயரை நான் கேட்டதே இல்லை.

"அவுக விழுந்த அன்னிக்கும் அதான் மதினி. தட்டு அடுப்புக்குள்ள இருந்திருக்கு. கருகுன வாட அடிக்குதேன்னுதான் பையமாரு உள்ள போயிப் பாத்தானுவ. அண்ணன் அடுப்பு முன்னால கெடந்தாவ." பிறகு ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தோ என்னவோ, "அண்ணன் இருந்தா கப்பலே கலகலன்னு இருக்கும். கேலி பேசியே கொன்னுருவாவ. அவுக வாயில விழாத ஆளு கிடையாது" என்றார்.

"யாரு, இவுகளா?" என்று கேட்டேன்.

அவர் போன பிறகு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். அழுகை வருமென்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. என்னோடு இருந்த நாளெல்லாம் பாயில் கிடந்த மனுஷர் அங்கே கேலி பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இனிப்புச் செய்து ஊரான் பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறார். எங்கள் மகளுக்கு ஒரு பிறந்தநாளுக்காவது அதைச் செய்து கொடுத்திருக்கலாம். இப்போது அவர் நாக்கில் மிஞ்சியிருப்பது என் பேரும் இல்லை, மகள் பேரும் இல்லை. எவனோ ஒரு கேப்டன் ஆசைப்பட்ட பழம்.

ஆனாலும் மறுநாள் பீச் பழம் தேடிப் போனேன். வீட்டுப் பக்கத்துக் கடைகளில் அன்னாசி டின் இருந்தது, பீச் இல்லை. கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி அனுப்புகிற கடை ஒன்று துறைமுகம் போகிற வழியில் உண்டு. அங்கே கிடைத்தது. டின்னின் மேல் அச்சடித்திருந்த பழத்தைப் பார்த்தேன். ஆப்பிளும் இல்லாமல் மாம்பழமும் இல்லாமல் ஒரு நிறம். மகள் போனில் தேடி, செய்முறையைப் படித்துச் சொன்னாள். அடியில் பழம், மேலே மைதா மாவும் வெண்ணெயும் சேர்ந்த ஒரு மூடி, அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

எங்கள் அடுப்படி வாசல் குறுகல். சக்கர நாற்காலி நுழையாது. அதனால் சாமான்களையெல்லாம் ஹாலுக்குக் கொண்டுவந்து, அவர் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அடுக்கினேன். டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். மடியில் வைத்து இடது கையால் தடவினார். "பீச்" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. சாதாரணமாக, சந்தையில் ஒரு பொருளின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டின்னைத் திறந்து பழத்தைப் பாகோடு தட்டில் கொட்டினேன். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, பட்டையைப் பொடித்துத் தூவினேன். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தார். வெண்ணெயை உருக்கலாம் என்று நான் அடுப்படிக்குக் கிளம்பியதும் ஸ்டூலில் அடித்தார். "இல்ல."

"பின்ன எப்படி?"

மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெண்ணெயைக் கட்டியாகவே அதில் போடச் சொல்லிக் கைகாட்டினார். போட்டேன். இடது கையை உள்ளே விட்டு, கட்டை விரலாலும் இரண்டு விரலாலும் வெண்ணெயை மாவோடு சேர்த்துக் கிள்ளிக் கிள்ளி உதிர்த்தார். அவர் வலது கைக்காரர். விரல்கள் தடுமாறின. மாவு சட்டையிலும் மடியிலும் கொட்டியது. இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மாவு ரவை மாதிரி உதிர ஆரம்பித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சமைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு, விரல்களைக் குவித்து அசைத்தார். எதையோ கேட்கிறார். சர்க்கரையைக் காட்டினேன். "இல்ல." பாலைக் காட்டினேன். "இல்ல." பேக்கிங் பவுடரைக் காட்டினேன். அதை வாங்கி மாவில் தட்டினார், மறுபடியும் விரலைக் குவித்தார். பட்டை, ஏலக்காய், எலுமிச்சை, எல்லாம் காட்டினேன். "இல்ல, இல்ல." குரல் ஏறியது. அடுத்த நிமிஷம் மாவுப் பாத்திரம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"நான் உங்க கப்பல்ல வேல பாக்கேனா?" என்று கத்திவிட்டேன். "உங்க மனசுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? என்னைக்காவது இதப்பத்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் தரையில் கிடந்த மாவைக் கூட்டி அள்ளினாள். புது மாவை அளந்து எடுத்துவந்து மறுபடி ஸ்டூலில் வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு துளி எடுத்துவந்து அப்பாவின் நாக்கில் வைத்தாள். சோடா உப்பைத் துப்பினார். கிராம்புக்கு முகத்தைச் சுளித்தார். கடைசியாகச் சாப்பாட்டு உப்பு. அது நாக்கில் பட்டதும் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"எம்மா, உப்பும்மா" என்றாள் மகள். இனிப்புக்கு உப்பு எதற்கு என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு கேட்க இவ்வளவு பாடா என்று அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் கேக் சுடுகிற அடுப்பு இல்லை. அடுத்த தெருவில் ஒரு பேக்கரி இருக்கிறது. அந்தக் கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். மத்தியானம் ரொட்டி எல்லாம் எடுத்த பிறகு அடுப்பில் சூடு மிச்சமிருக்கும், கொண்டாங்க என்றார். அப்பா மறுபடி உதிர்த்துக் கொடுத்த மாவைப் பழத்தின் மேல் பரப்பி, தட்டைத் துணி போட்டு மூடி மகள் எடுத்துக்கொண்டாள். என் கணவர் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தானும் வருவேன் என்கிறார். வெயிலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். திருச்செந்தூருக்குப் பிறகு அவர் வெளியே வந்தது அன்றைக்குத்தான். தெருவில் பார்த்தவர்கள் சிரித்துப் பேசினார்கள். அவரும் இடது கையைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சநேரம் எல்லாம் நன்றாக இருந்தது.

பேக்கரியின் பின்பக்கம் ஒரே அனல். கடைக்காரர் தட்டை நீளக் கம்பால் உள்ளே தள்ளிவிட்டு இரும்புக் கதவைச் சாத்தினார். "அரை மணி நேரம் ஆவும்மா. உக்காருங்க" என்றார். என் கணவரின் நாற்காலியை அடுப்புக்கு எதிரே நிறுத்தியிருந்தேன். ஆசையாகப் பார்ப்பார் என்று நினைத்துத்தான்.

வாசனை வர ஆரம்பித்தது. பழமும் பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து கிளம்பிய அந்த மணத்தில் எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. மகள் சிரித்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண்கள் அந்த இரும்புக் கதவிலேயே குத்தி நின்றன.

"பீச்" என்றார் மெதுவாக. பிறகு உரக்க. பிறகு உடம்பு முழுவதும் நடுங்க, நாற்காலியை உடைத்துவிடுவதுபோல ஆட்டிக்கொண்டு, "பீச்! பீச்! பீச்!" என்று அலறினார்.

"என்னங்க, ஒண்ணுமில்ல, நாந்தான், இங்கனதான் இருக்கேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணில் எந்த அடுப்பு தெரிந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்து கிடந்தபோது அவருக்கு நினைவு போகவில்லை. அது கருகிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார், குரல் வரவில்லை. யாரும் வரவில்லை. இது என் ஊகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

"அண்ணாச்சி, எடுங்க. எடுத்துருங்க" என்றேன்.

"மேல இன்னும் வேகலையேம்மா."

"வேகாட்டிப் போவுது, எடுங்க."

அவர் கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார். மாவு வெளுப்பாக, ஈரமாக இருந்தது. அதைக் கண்ணெதிரே பார்த்த பிறகுதான் என் கணவரின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வேட்டி நனைந்து நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குனியப் போனேன். கடைக்காரர் என்னைத் தடுத்துவிட்டு, தானே சாக்கை எடுத்துவந்து துடைத்தார். "இதுல என்னம்மா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தன் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டார்.

வரும்போது தெருவில் அவர் யாருக்கும் கையைத் தூக்கவில்லை.

வேகாத அந்தத் தட்டை என்ன செய்வது? தூக்கி எறிய மனம் வரவில்லை. பெரிய அலுமினியப் பாத்திரத்தின் அடியில் கல்லுப்பைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து மூடினேன். எங்கள் ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம்? அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் சிவந்தது, இன்னொரு பக்கம் சிவக்கவே இல்லை. ஒருவழியாக இறக்கி, ஆறவைத்து, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம்.

அவருக்குக் கெட்டியான எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். பழத்தைக் கரண்டியால் மசித்து வாயருகே கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இடது கையால் கிண்ணத்தைப் பிடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நம்மள சாப்பிடச் சொல்லுதாரும்மா" என்றாள் அவள்.

நாங்கள் இருவரும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உள்ளதைச் சொன்னால், நன்றாக இல்லை. பழத்தில் டின் வாடை. மாவு ஓரிடத்தில் தீய்ந்தும் ஓரிடத்தில் பச்சையாகவும் இருந்தது. மகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு, "நல்லாருக்குப்பா" என்றாள். அவர் அவளை நம்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"வேகல" என்றேன். "மேல வேகவே இல்ல. உப்பும் கூடிப்போச்சு."

அவர் தலையை ஆட்டினார். எனக்கும் தெரியும் என்பதுபோல. வந்த நாளிலிருந்து நான் எது சொன்னாலும் குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு சமையல்காரரிடம் பேசினேன்.

இனி அவருக்குப் பேச்சு வந்துவிடும் என்று மகள் நம்பினாள். கேட்டது கிடைத்துவிட்டது, மனதிலிருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் ஆசையாகச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசல்வரை போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, இந்த மாதிரி ஆனவங்களுக்கு எந்த வார்த்தை மிஞ்சும்னு யாராலயும் சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சும். சொல்லுறப்போ எல்லாம் அவங்க அதையே நினைக்கிறாங்கன்னு அர்த்தம் இல்ல."

அவள் சொன்னதுதான் சரி. பின்னால் கவனித்துப் பார்த்தபோது எனக்கே விளங்கியது. தாகம் எடுத்தாலும் பீச். ஒன்றுக்கு வந்தாலும் பீச். முதுகு வலித்தாலும், மின்விசிறி நின்றாலும், கொசு கடித்தாலும் அதுதான். கடற்கரையில் அன்று என்ன கேட்டாரோ, தண்ணீரோ, வீட்டுக்குப் போகலாம் என்றாரோ, யாருக்குத் தெரியும்? நான் அடுப்படியில் இருக்கும்போது ஹாலிலிருந்து குரல் வரும். முன்பு ஏளா என்று கூப்பிடுகிற அதே இழுவையில், அதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "பீ...ச்" என்பார். என்னைத்தான். "இந்தா வாரேன்" என்று போவேன். ஊரார் யாராவது இருக்கும்போது கூப்பிட்டால் கூச்சமாக இருக்கும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அதற்காகக் காப்ளர் செய்வதை நாங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூலைப் போட்டு மாவையும் வெண்ணெயையும் அவர் முன்னால் வைப்பேன். அவர் உதிர்ப்பார். டின் கிடைக்காத வாரம் அன்னாசி, கிடைத்தால் மாம்பழம். உப்புச் சட்டியைச் சிறிய அடுப்பில் ஹாலிலேயே, அவர் கண்ணுக்கு எதிரே வைத்து, மூடியை அடிக்கடி திறந்து காட்டுவேன். கருகவில்லை, பாருங்க என்பேன். திறந்து திறந்து மூடினால் அது ஒழுங்காக வேகாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஒருநாளும் அது ஒழுங்காக வேகவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் என்ன நினைத்துச் சாப்பிட்டார்களோ தெரியாது, கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது. அவரும் சில நாள் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். சில நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கீழவைப்பார்த் தம்பி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது மகள் தட்டைக் காட்டினாள். "ஏ அண்ணே, அசத்துதியளே!" என்று அவர் அங்கிருந்து கத்தினார். என் கணவரின் முகத்தில் ஒரு குறும்பு ஓடி மறைந்தது. எனக்குப் பழக்கமில்லாத முகம் அது. அவர்களெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த முகம்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. மாவை வைத்தேன். கையை உள்ளே விட்டவர் அப்படியே இருந்தார். விரல் அசையவில்லை. விளையாடுகிறாரோ என்று, "என்னங்க, உதுத்துங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருந்த அந்த ஒரு சொல்லும் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை வந்த வாதம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே படுக்கையில், கண் திறந்தபடி, யாரையும் அடையாளம் தெரியாமல் சில நாள் கிடந்தார். விரல் இடுக்கில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் நான்தான் துடைத்து எடுத்தேன். கார்த்திகை பிறக்கும் முன்பே போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கப்பலு கப்பலுன்னு கெடந்த மனுசன். கடைசியில உன்கிட்ட வந்து ரெண்டு மழ பாத்துட்டாவளே" என்றாள் எதிர்வீட்டு அக்கா. ஆறுதலுக்குச் சொன்னாள். ஆனால் உண்மை. நாங்கள் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல இருந்த மிக நீண்ட காலம் அதுதான். முன்பெல்லாம் அவர் வந்தால் கிளம்புகிற தேதியும் கூடவே வரும். இந்தத் தடவை அவருக்குப் போக இடமில்லை. மலம் அள்ளினேன், சவரம் செய்துவிட்டேன், சண்டை போட்டேன். அதைச் சந்தோஷம் என்று சொன்னால் பொய். இல்லை என்று முழுதாகச் சொல்லவும் முடியவில்லை.

மகள் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சக்கர நாற்காலியை உப்பளத்தில் கால் உடைந்த ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தேன். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். தையல் மிஷினை ஹாலில், ஜன்னலை ஒட்டி, அவருடைய கட்டில் கிடந்த இடத்தில் போட்டிருக்கிறேன். வீட்டில் அங்கேதான் நல்ல வெளிச்சம்.